வார்னிங்கிலேயே கிளம்புங்கள்: கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்குக் காட்டுத்தீ வழிகாட்டி

சான் ரமோன், சாரடோகா, ஃபோல்சம், இர்வைன் என்று வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் வாடகைக்கு வீடு பிடிக்கும் ஊர்கள் பலவும் ஏதோ ஒரு குன்றை ஒட்டித்தான் இருக்கின்றன. நல்ல பள்ளிக்கூடம், வீட்டுக்குப் பின்னால் நடைபாதை, அதற்கப்பால் பொன்னிறமாகப் புல் படர்ந்த மேடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மே மாதத்துக்குப் பிறகு இங்கே மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அக்டோபருக்குள் அந்தப் புல் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது பார்த்து உள்நாட்டிலிருந்து கடல் பக்கம் வறண்ட காற்று வீசத் தொடங்கும். வடக்கே அதற்கு டயாப்ளோ காற்று என்று பெயர், தெற்கே சான்டா ஆனா. 2020 அக்டோபரில் சில்வராடோ தீ கிளம்பியபோது இர்வைனிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 90,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. காட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது என்று நினைக்க வேண்டாம்.

நான் வலியுறுத்துவது ஒன்றுதான். முதியவரோ சிறு குழந்தையோ இருக்கிற வீடு, காரோட்டத் தெரியாதவர் பகலில் தனியாக இருக்கிற வீடு, எவாக்குவேஷன் ஆர்டர், அதாவது வெளியேறும் உத்தரவு, வரும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு முன் வரும் வெளியேறும் எச்சரிக்கையான எவாக்குவேஷன் வார்னிங் வந்ததுமே கிளம்பிவிட வேண்டும். கீழே வருவதெல்லாம் அப்படிக் கிளம்ப முடிவதற்காகச் செய்துவைக்க வேண்டிய வேலைகள்.

மூன்று அறிவிப்புகள்

ரெட் ஃபிளாக் வார்னிங் என்பது தேசிய வானிலை சேவை தருவது. தீ இன்னும் பிடிக்கவில்லை; பிடித்தால் வேகமாகப் பரவும் காற்றும் வறட்சியும் இருக்கிறது என்று பொருள். அன்று வெளியூர்ப் பயணத்துக்குத் தயாராவதுபோல் காரில் பெட்ரோல் நிரப்பிவையுங்கள், மின்சாரக் காராக இருந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். காற்றடிக்கும் நாட்களில் மின்கம்பிகளால் தீப்பிடிக்காமலிருக்க மின் நிறுவனமே கரண்டை நிறுத்தி வைப்பதுண்டு. அப்போது சார்ஜும் ஏறாது, பெட்ரோல் பம்பும் ஓடாது.

எவாக்குவேஷன் வார்னிங் என்றால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரக்கூடும், தயாராகுங்கள் என்று அர்த்தம். அதிகாரபூர்வமான விளக்கத்திலேயே இன்னொரு வரி உண்டு: கிளம்ப அதிக நேரம் தேவைப்படுபவர்களும், செல்லப்பிராணியோ கால்நடையோ வைத்திருப்பவர்களும் இப்போதே வெளியேற வேண்டும். பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. எழுபது வயது மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், கைக்குழந்தை தூங்குகிறது என்றால் அந்த வரி உங்களுக்காகவே எழுதப்பட்டது.

எவாக்குவேஷன் ஆர்டர் சட்டப்படியான உத்தரவு. அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. அலுவலகத்திலிருந்து ஓடிவந்து வீட்டில் இருப்பவர்களை அழைத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு சாலைத் தடுப்பிலேயே முடிந்துவிடும்.

அலர்ட் உங்களிடம் வந்து சேர

முதலில் போன் அமைப்புகளில் அரசு எச்சரிக்கைகள் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தை கடத்தல் பற்றிய ஆம்பர் அலர்ட் நடுராத்திரியில் அலறிய எரிச்சலில் பலர் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். ஆம்பர் அலர்ட்டுக்கும் அவசர எச்சரிக்கைக்கும் பொத்தான்கள் வேறு வேறு.

அடுத்து, உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) அலர்ட் சேவையில் பதிவு செய்யுங்கள். சான்டா கிளாரா கவுண்டிக்கு அலர்ட் எஸ்சிசி, அலமேடாவுக்கு ஏசி அலர்ட் என்று ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பெயர் இருக்கும். வீட்டு முகவரியோடு அலுவலகம், பள்ளி முகவரிகளையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா வைஃபையில் வாட்ஸாப் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்த போனை நம்ப முடியாது. அவர்கள் இங்கே இருக்கும் வரையாவது ஒரு உள்ளூர் ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் போட்டு, அந்த எண்ணையும் பதிந்துவிடுங்கள்.

பிறகு உங்கள் ஸோன் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பல கவுண்டிகள் ஊரைச் சிறு சிறு ஸோன்களாகப் பிரித்து, ஜெனசிஸ் புரொடெக்ட் என்ற தளத்தில் வரைபடமாக வைத்திருக்கின்றன. அறிவிப்பு வரும்போது தெருப் பெயர் வராமல் ஸோன் எண் மட்டும் வரலாம். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், எல்லார் போனிலும் ஏற்றுங்கள்.

இதோடு வாட்ச் டியூட்டி ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். 2021இல் சொனோமா கவுண்டியில் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு நடத்துவது. தீயணைப்பு வானொலியைக் கேட்டுத் தகவல் தருகிறார்கள். அரசு அறிவிப்புக்கு முன்பே புகை எங்கே என்று பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும். வாட்ஸாப் குழுவில் வரும் 'ஃபார்வர்ட்' செய்தியை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் அனுப்புகிறார்கள்தான், ஆனால் நேற்றைய படமும் இன்றைய பதற்றமும் கலந்துதான் வரும்.

அலர்ட் அமைப்பு எப்போதும் சரியாக வேலை செய்யும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை ஆறே கால் வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஈட்டன் தீ ஆரம்பித்தது. அந்தத் தீயில் சிக்கிய ஆல்டடீனா ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு போனது மறுநாள் அதிகாலை மூன்றரை மணி வாக்கில். இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அந்த மேற்குப் பகுதிக்காரர்கள். இரண்டு நாள் கழித்து இதற்கு நேர்மாறாக, கவுண்டி முழுக்கவும் தேவையே இல்லாமல் ஒரு வெளியேறும் எச்சரிக்கை தவறுதலாகப் போனது. ஆகவே அலர்ட் வந்தால் வரைபடத்தில் உங்கள் ஸோனைப் பாருங்கள். அலர்ட் வராவிட்டாலும் வானம் சிவந்து சாம்பல் விழுந்தால் கிளம்புங்கள்.

ஒரு ஒலியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வண்டி வழக்கமான சைரன் இல்லாமல் உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்று இரண்டே சுரத்தில் மாறி மாறி ஒலித்தால் அது ஹை-லோ சைரன். கலிபோர்னியாவில் அது வெளியேறச் சொல்வதற்கு மட்டுமே பயன்படுவது.

பையில் என்ன வைப்பது

கலிபோர்னியாவின் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் ஒரு பட்டியல் தருகிறது: ஆட்களும் பிராணிகளும், தாள்கள், மருந்துகள், படங்கள், கணினி, வங்கி அட்டையும் ரொக்கமும். நல்ல பட்டியல். ஆனால் விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு 'தாள்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் பாதி வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

எல்லார் பாஸ்போர்ட்டும் ஒரே உறையில் இருக்கட்டும். ஐ-797 ஒப்புதல் நோட்டீஸ், மாணவராக இருந்தால் ஐ-20, வேலை அனுமதி அட்டை, கிரீன் கார்டு, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை), திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கார் உரிமைப் பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி, படிப்புச் சான்றிதழ்கள். நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94ஐ இணையத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஐ-797இன் நகல் கம்பெனி வக்கீலிடம் இருக்கும். ஆனால் ஊரில் எப்போதோ நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் எரிந்தால், இங்கிருந்துகொண்டு அதைத் திரும்ப வாங்குவதற்குள் யாராவது ஒரு சித்தப்பா பலமுறை அலைய வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றுங்கள், ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். நகை இருந்தால் வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கரில் வைப்பதே நல்லது. வீட்டில்தான் இருக்கும் என்றால் எந்தப் பையில் என்பது கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. பெற்றோர் ஆறு மாதத்துக்கான மாத்திரையை ஊரிலிருந்தே கொண்டுவந்திருப்பார்கள். அதிலுள்ள இந்திய பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும், அதாவது மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி, போட்டோ எடுத்துவையுங்கள். மாத்திரை மொத்தத்தையும் ஒரே டப்பாவில் போட்டுக் கதவருகே வையுங்கள். இன்சுலின் எடுப்பவர் இருந்தால் சிறிய கூலர் பையும் ஐஸ் பேக்கும் தயாராக இருக்கட்டும். அவர்களுடைய விசிட்டர் இன்சூரன்ஸ் அட்டையும் அதே டப்பாவில்.

என்95 முகமூடி ஆளுக்கு இரண்டு. துணி முகமூடி புகைக்கு உதவாது. டார்ச், சார்ஜர், தண்ணீர், மூக்குக் கண்ணாடி, ஒரு செட் மாற்றுத்துணி. பாலியஸ்டர் புடவையோ நைட்டியோ கட்டிக்கொண்டு தீ நெருங்கும் இடத்தில் நடமாட வேண்டாம். பருத்தி முழுக்கைச் சட்டை, பேன்ட், மூடிய ஷூ. வெளியேறியவர்கள் தங்கும் முகாமில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் சைவமாகக் கிடைக்குமா, அப்பாவுக்கு இறங்குமா என்பது வேறு கதை. ரெட் ஃபிளாக் நாளில் ஒரு டப்பா புளியோதரை கிளறி வைப்பதில் நஷ்டமில்லை.

பகலில் தனியாக இருப்பவர்

புதிதாக வந்த குடும்பங்களில் வழக்கமாக ஒரே கார். அது காலையில் அலுவலகத்துக்குப் போய்விடும். வீட்டில் இருப்பவருக்கு இன்னும் லைசென்ஸ் வந்திருக்காது. தீ வரும் நேரத்தில் ஊபர் வராது, வந்தாலும் ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். இதற்கு ஒரே வழி பக்கத்து வீட்டுக்காரர்.

கதவைத் தட்டிக் கேளுங்கள். "வெளியேறச் சொன்னால் என் மனைவியையும் குழந்தையையும் உங்கள் காரில் ஏற்றிக்கொள்வீர்களா?" என்று நேரடியாகக் கேட்கலாம். இங்குள்ளவர்கள் தள்ளியே இருப்பார்கள் என்ற எண்ணம் நமக்கு உண்டு. தீ விஷயத்தில் அப்படி இல்லை. நெடுநாள் கலிபோர்னியாக்காரருக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம், எனவே இரண்டு வீடுகளில் கேட்டுவையுங்கள். குழந்தையின் கார் சீட் காலையில் காரோடு போய்விடாமல் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

எங்கே சந்திப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மலைப்பக்கத்துக்கு எதிர்த்திசையில், நெடுஞ்சாலையைத் தாண்டி, இருவருக்கும் தெரிந்த ஒரு காஸ்ட்கோவோ கோயிலோ போதும். போன் பேச முடியாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ உள்ள ஒரு உறவினரைத் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் டிவி பார்த்துப் பதறுகிற இருபது பேருக்கும் அவரே பதில் சொல்லட்டும். உங்கள் பேட்டரி மிஞ்சும்.

பள்ளிக்கூடத்தில் குழந்தை இருந்தால் பள்ளியே அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கும். பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் தருவார்கள். அந்த அட்டையில் கணவன் மனைவி பெயர்களோடு நிறுத்தாமல் மேலும் இரண்டு நண்பர்கள் பெயரைச் சேருங்கள்.

புகை மட்டும் இருக்கும் நாட்கள்

தீ தூரத்தில் இருந்தாலும் புகை வந்துவிடும். அமெரிக்க அரசின் காற்றுத் தரத் தளமான ஏர்நவ்வில் காற்றுத் தரக் குறியீடு 150ஐத் தாண்டினால் எல்லாருக்குமே கெடுதல், 300க்கு மேல் அபாயம். ஜன்னல்களை மூடி, ஏசியை உள்காற்றையே சுழற்றும்படி வையுங்கள். ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தால் ஒரே அறையில் எல்லாரும் படுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சாம்பிராணி, ஊதுபத்தி, அப்பளம் பொரிப்பது, மிளகாய் தாளிப்பது எதுவும் வேண்டாம். வெளிப்புகைக்குக் கதவடைத்துவிட்டு உள்ளே நாமே புகை போட்டால் அது போக வழி இருக்காது.

வார்னிங் வந்துவிட்டது

காரைப் பின்னோக்கி நிறுத்தி, முகப்பு தெருவைப் பார்க்கும்படி வைத்து, சாமான்களை ஏற்றுங்கள். கராஜ் கதவை கரண்ட் இல்லாமல் திறப்பது எப்படி என்று இன்றே பழகுங்கள். மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், பிறகு கையால் தூக்கலாம். 2017இல் வடக்குக் கலிபோர்னியாவில் பரவிய தீயில் கரண்ட் போய்க் கதவு திறக்காமல் சிலர் இறந்ததால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே புதிதாக விற்கும் கதவுமோட்டார்களில் பேட்டரி கட்டாயமானது. வாடகை வீட்டில் பழைய மோட்டாராக இருக்க வாய்ப்பு அதிகம்.

நேரம் இருந்தால் மட்டும்: எல்லா ஜன்னல்களையும் கதவுகளையும் மூடுங்கள், பூட்டாதீர்கள். வெளியே இருக்கும் நாற்காலி மெத்தை, கால்மிதி, காய்ந்த துளசித் தொட்டி, வீட்டு ஓரமாக வைத்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் உள்ளே தள்ளுங்கள் அல்லது தூர எறியுங்கள். வீடுகள் பலவும் நேரடித் தீயால் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் தணல், சில சமயம் ஒரு மைலுக்கும் அப்பாலிருந்து வந்து, இந்த மாதிரிச் சாமான்களில் விழுந்துதான் பற்றுகிறது. ஏசியை அணையுங்கள். விளக்குகளை எரியவிடுங்கள், புகையில் தீயணைப்பு வீரர்களுக்கு வீடு தெரியும். பூஜை அறை விளக்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். தனி வீடாக இருந்தால் காஸை மீட்டரிலேயே மூடலாம். ஆனால் அதைத் திரும்பத் திறக்க காஸ் நிறுவனத்தின் ஆள்தான் வரவேண்டும். குழாயைத் திறந்துவிட்டு தோட்டத்து ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டுப் போகாதீர்கள். ஊர் முழுக்க அப்படிச் செய்தால் தீயணைப்புக் குழாயில் அழுத்தம் குறைந்துவிடும்.

அப்புறம் கிளம்புங்கள். 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணி வாக்கில் பிடித்த கேம்ப் தீ எட்டு மணி வாக்கில் வடக்குக் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எட்டிவிட்டது. மலைமேல் இருந்த அந்த ஊரிலிருந்து இறங்கும் சாலைகள் மிகச் சில. எல்லாரும் ஒரே நேரத்தில் அவற்றில் இறங்கினார்கள். 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். 2025இல் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் தீயின்போது நெரிசலில் விட்டுச் சென்ற கார்களை புல்டோசர் வைத்துத் தள்ளித்தான் தீயணைப்பு வண்டிகள் மேலே போயின. ஆர்டருக்குப் பின் கிளம்புவது என்பது அந்த நெரிசலுக்குள் போவது. உங்கள் பகுதியிலிருந்து வெளியேற இரண்டாவது சாலை எது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஜிபிஎஸ் குறுக்குவழி என்று மலைப்பாதையில் ஏற்றிவிடக்கூடும். போலீஸ் காட்டும் வழியில் போங்கள்.

நடுவழியில் தீ சூழ்ந்துவிட்டால்: செடிகொடி இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஜன்னலையும் காற்றுத் திறப்புகளையும் மூடி, கம்பளியோ ஜாக்கெட்டோ போர்த்திக்கொண்டு காரின் தரையில் படுத்து 911ஐ அழையுங்கள். வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் தொட்டிகளிலும் சிங்க்கிலும் தண்ணீர் நிரப்பி, கதவைப் பூட்டாமல் மூடி, வெளிச்சுவரிலிருந்து தள்ளி இருங்கள்.

வெளியே இருக்கும் நாட்கள்

நண்பர் வீடுதான் முதல் தேர்வு. கூச்சம் வேண்டாம், நாளை அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஹோட்டல்கள் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். வார்னிங்கில் கிளம்பியவருக்கு இடம் கிடைக்கும். செஞ்சிலுவைச் சங்க முகாம்கள் இலவசம், அங்கே தங்கக் குடியுரிமையோ விசா நிலையோ பார்க்க மாட்டார்கள். முகாம் எங்கே என்று தெரிய 211ஐ அழையுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எரியும் கட்டடத்துக்கான காப்பீடு வீட்டு உரிமையாளருடையது. உங்கள் சோபா, டிவி, பட்டுப்புடவை அதில் சேராது. ரென்டர்ஸ் பாலிசி அவற்றுக்கும், பாலிசியைப் பொறுத்து, வெளியே தங்கும் செலவுக்கும் தரும். ஹோட்டல், சாப்பாட்டு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அருகில் தீ எரியும்போது புதுப் பாலிசி தருவதை கம்பெனிகள் நிறுத்திவைக்கும், அதனால் இந்த வாரமே வாங்குங்கள். வாங்கியதும் அலமாரிக் கதவுகளைத் திறந்தபடி வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து கிளவுடில் போடுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் தற்காலிகமாக வேறு பகுதியிலிருந்து வேலை பார்ப்பதாக இருந்தால் கம்பெனி வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வீடு போய் வேறு வீட்டுக்கே குடிபோனால், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம்.

திரும்பும்போது

ஆர்டரை நீக்கிவிட்டதாக அறிவித்த பிறகே போங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் முதல் நாளே கூட்டிப்போக வேண்டாம். கரண்ட் போயிருந்தால் ஃப்ரிட்ஜில் உள்ள மாவு, குழம்பு, பால் எல்லாம் குப்பைக்கு. சாம்பலை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது, காற்றூதியால் ஊதவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறையும் என்95ம் போட்டுக்கொண்டு துடைக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரை அறிவிப்பு பார்க்காமல் குடிக்காதீர்கள். 2017இல் சான்டா ரோசாவிலும் 2018க்குப் பின் பாரடைஸிலும் தீயில் சேதமான குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கும் நம் பழக்கம் இதற்கு ஆகாது. சூடாக்கினால் அந்த ரசாயனம் ஆவியாகி நாம் மூச்சுவிடும் காற்றில்தான் சேரும். தண்ணீர் நிறுவனம் சரி என்று சொல்லும்வரை சமைக்கவும் பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர்தான்.